சுள்ளியும் கட்டையும்: நெடுந்தூர உடல் எப்படி இயங்குகிறது?

மைசூருவிலிருந்து மசினகுடி வழியாக உதகைக்குச் சுமார் 125 கிலோமீட்டர். நஞ்சன்கூடு, குண்டல்பேட்டை கடந்து, பந்திப்பூர்க் காட்டுக்குள் நுழைந்து, கக்கநல்லாவில் மாநில எல்லையைத் தாண்டி, தெப்பக்காடு, மசினகுடி வரை சாலை சற்றே ஏறி இறங்கினாலும் சைக்கிள்காரரை அதிகம் வருத்தாது. அதற்குப் பிறகுதான் கல்லட்டி. எண் போட்ட 36 கொண்டை ஊசி வளைவுகள். மசினகுடிக்கும் உதகைக்கும் இடையே 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம். கார்களே முதல் கியரில் முனகும் இந்த ஏற்றத்தில், 2008-இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரீஸ்’ பயணத்தில் நூற்றுக்கணக்கானோர் சைக்கிள் மிதித்து ஏறியிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் மென்பொருள் அலுவலகத்துக்கோ வங்கிக்கோ மருத்துவமனைக்கோ வேலைக்குப் போகிறவர்கள். பரிசுப் பணத்துக்காகப் பயிற்சி செய்பவர்கள் அல்லர்.

சைக்கிள் மட்டுமல்ல. 42.2 கிலோமீட்டர் மாரத்தான், 13½ மணி நேரத்துக்குள் 200 கிலோமீட்டர் முடிக்க வேண்டிய ‘ப்ரெவே’ சவாரி, 2019 முதல் கோவாவில் நடக்கும் ‘அயர்ன்மேன் 70.3’ (1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம்) என்று எதை எடுத்தாலும் உள்ளே நடக்கும் வேலை ஒன்றுதான். மாடி ஏறினாலே மூச்சு வாங்கிய ஓர் உடல், ஓராண்டுக்குப் பிறகு ஆறு, ஏழு மணி நேரம் ஓயாமல் உழைக்கிறது. அதற்குள் அப்படி என்ன மாறிவிட்டது?

இதற்கு விடை ஒரு கல்யாணச் சமையல்கட்டில் இருக்கிறது. மண்டபத்தின் பின்புறம் கோட்டை அடுப்பு மூட்டி, விடிவதற்கு வெகு முன்பே காபியில் தொடங்கி, மதியப் பந்தி முடியும்வரை தீயை அணையவிடாமல் வைத்திருக்கும் வேலையை நினைத்துக்கொள்ளுங்கள். என்ன விறகு, எவ்வளவு காற்று, எத்தனை அடுப்பு, எப்போது எதைத் திணிப்பது என்று தலைமைச் சமையல்காரர் போடும் கணக்கைத்தான் நெடுந்தூர வீரரின் உடலும் போடுகிறது.

கற்பூரம், சுள்ளி, கட்டை

தசை சுருங்கி விரிய நேரடியாகப் பயன்படும் எரிபொருள் ஏடிபி என்ற மூலக்கூறு. அதன் கையிருப்பு சில வினாடிகளுக்குத்தான் வரும். ஆகவே செலவாகச் செலவாக அதை மறுபடி ஆக்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆக்குவதற்கு மூன்று வழிகள் உண்டு.

முதலாவது கிரியேட்டின் பாஸ்பேட். இது கற்பூரம். வைத்ததும் குபீரென்று பற்றும், பத்து வினாடியளவில் தீர்ந்துபோகும். பேருந்தைப் பிடிக்க ஓடும் ஓட்டத்துக்கு இது போதும்.

இரண்டாவது கிளைகோஜன். நாம் சாப்பிடும் சோறு, ராகி முத்தே, இட்லி எல்லாம் குளுக்கோஸாகி, அது கோத்துக் கட்டிச் சேமிக்கப்படும் வடிவம் இது. இதுதான் சுள்ளி. சட்டென்று பற்றும், நல்ல சூடு தரும், ஆனால் இருப்பு குறைவு. தசைகளில் 300 முதல் 400 கிராம், கல்லீரலில் 100 கிராமுக்குள் அடங்கும். ஒரு கிராமுக்கு 4 கலோரி (பேச்சில் கலோரி என்று நாம் சொல்வது கிலோகலோரியைத்தான்). மொத்தம் 1,600 முதல் 2,000 கலோரி.

மூன்றாவது கொழுப்பு. இது கனமான கட்டை. ஒரு கிராமுக்கு 9 கலோரி. 60 கிலோ எடையில் 15 சதவீதம் கொழுப்புள்ள ஒல்லியான ஓட்டக்காரரிடம்கூட 9 கிலோ கொழுப்பு, அதாவது எழுபதாயிரம் கலோரிக்கு மேல் இருப்பு உண்டு. பல நாள் நடந்தாலும் தீராத விறகு அது.

அப்படியென்றால் மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் ஏன் இத்தனை பேர் கால் கட்டிப்போட்டதுபோல் நிற்கிறார்கள்? கட்டை மெதுவாகத்தான் எரியும் என்பதுதான் காரணம். ஒரே அளவு ஏடிபிக்குக் கொழுப்புக்கு அதிக ஆக்சிஜன் வேண்டும். அதை உடைத்து, ரத்தத்தில் ஏற்றி, தசைக்குள் சேர்ப்பதும் மெதுவான வேலை. ஓட்டத்துக்கு ஆகும் செலவு, எடையில் ஒரு கிலோவுக்கு, தூரத்தில் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி. 60 கிலோ எடையுள்ளவருக்கு மாரத்தான் முடிக்க 2,500 கலோரி தேவை. சுள்ளியை மட்டும் நம்பி வேகமாகக் கிளம்பியவரின் கணக்கு முப்பது, முப்பத்திரண்டாவது கிலோமீட்டரில் முடிந்துவிடுகிறது. ஓட்டக்காரர்கள் இதைச் ‘சுவரில் மோதுவது’ என்பார்கள், சைக்கிள்காரர்கள் ‘பாங்க்’ என்பார்கள். கட்டை மலைபோல் குவிந்திருக்கிறது, ஆனால் அதன் தீ இந்த வேகத்துக்குப் போதவில்லை. கல்லீரலின் இருப்பும் கரைந்தால் ரத்தச் சர்க்கரை இறங்கி, தலை சுற்றி, எளிய கூட்டல் கணக்குகூட வராமல் போகும். மன உறுதி இல்லாததால் வருவதல்ல இது. விறகுக் கணக்கு தவறியதன் விளைவு.

கரியைத் தூற்றாதீர்கள்

ஏற்றத்தில் தொடை எரிந்தால் “லாக்டிக் ஆசிட் சேர்ந்துவிட்டது” என்று சொல்வது வழக்கம். மறுநாள் வலிக்கும் அதன்மேலேயே பழி போடுவோம். இரண்டும் சரியல்ல.

சுள்ளி பற்றும்போது அதன் முதல் கட்ட எரிப்பு அடுப்புக்கு வெளியிலேயே, ஆக்சிஜன் தேவைப்படாமல் நடக்கிறது. அதில் பாதி எரிந்து மிஞ்சுவதுதான் லாக்டேட். கல்யாண அடுப்பில் இதற்குச் சமமானது கரி. சமையல்காரர் கரியைக் குப்பையில் கொட்டுவதில்லை. வாரி அடுத்த அடுப்பில் போடுவார், அது நன்றாகத் தணலும். உடலும் அதையே செய்கிறது. ஒரு தசையில் உண்டான லாக்டேட் ரத்தத்தின் வழியே வேறு தசைக்கும் இதயத்துக்கும் போய் எரிபொருளாகிறது. கல்லீரலில் அது மறுபடி குளுக்கோஸாகிறது. அமெரிக்க உடலியல் அறிஞர் ஜார்ஜ் ப்ரூக்ஸ் 1980-களில் இந்தப் போக்குவரத்தை விளக்கிய பிறகு லாக்டேட் கழிவு என்ற எண்ணம் மெல்ல மாறியது. மறுநாள் வரும் தசை வலிக்கு, பழக்கமில்லாத உழைப்பில் தசை நார்களில் ஏற்படும் நுண்ணிய சேதமும் அதைச் சரிசெய்யும் வேலையுமே காரணம். லாக்டேட் ஒரு மணி நேரத்துக்குள்ளாகவே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

கரி எரிக்கப்படுவதைவிட வேகமாகச் சேரும் ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்கு மேலே நெடுநேரம் நிற்க முடியாது. பயிற்சியின் நோக்கம் அந்த எல்லையை உயர்த்துவதுதான். உயர்த்துவதற்கு அடுப்புகள் அதிகம் வேண்டும்.

அடுப்பைப் பெருக்குவது

தசைச் செல்லுக்குள் கட்டையும் கரியும் முழுமையாக எரியும் இடம் மைட்டோகாண்ட்ரியா. அதுதான் அடுப்பு. அடுப்பு எத்தனை என்பதுதான் நெடுந்தூர உடலின் முதல் கேள்வி. 1967-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஜான் ஹாலஸி எலிகளை ஓடுபட்டையில் வாரக்கணக்கில் ஓடவைத்துப் பார்த்தார். ஓடிய எலிகளின் தசையில் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல் ஏறத்தாழ இரு மடங்கானது. பயிற்சி அடுப்பைப் பெருக்குகிறது என்பதற்குக் கிடைத்த முதல் உறுதியான சான்று அது. மனிதத் தசையிலும் இதே வகை மாற்றம் நடக்கிறது.

அடுப்பு பெருகினால் போதாது, ஒவ்வோர் அடுப்புக்கும் காற்றும் விறகும் போய்ச் சேர வேண்டும். தசை நாரைச் சுற்றிலும் புதிய நுண்ரத்தக் குழாய்கள் முளைக்கின்றன. ரத்தத்தின் நீர்ப்பகுதி ஓரிரு வாரங்களிலேயே கூடிவிடுகிறது. இதயத்தின் இடது அறை மெல்ல விரிந்து ஒரு துடிப்பில் அதிக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால்தான் பயிற்சி பெற்றவரின் ஓய்வு நாடித்துடிப்பு இறங்குகிறது. அடுப்பு கூடக் கூட, அதே வேகத்தில் கட்டையின் பங்கு ஏறி, சுள்ளி மிச்சமாகிறது. பயிற்சியின் முழுப் பயனையும் ஒரு வரியில் சொன்னால் இதுதான்.

இந்த இடத்தில் சமையல்கட்டு ஒப்புமை ஓரளவுக்கு மேல் பொருந்தாது. மண் அடுப்பு எரிய எரியத் தேயும், வெடிக்கும், மெழுக வேண்டிவரும். உடலின் அடுப்பு எரிந்த பின்பு, ஓய்விலும் உறக்கத்திலும், முன்னைவிடப் பெரிதாகத் தன்னைத் தானே கட்டிக்கொள்கிறது. ஓட்டம் அதற்கு உத்தரவு மட்டும் போடுகிறது, கட்டுமானம் நடப்பது இரவில். ஏழு, எட்டு மணி நேரத் தூக்கத்தைத் தியாகம் செய்து விடியலில் ஓடுவது, உத்தரவு போட்டுவிட்டுக் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்புவதற்குச் சமம்.

மெதுவாகப் போகும் துணிவு

அடுப்பு கட்டும் உத்தரவை உடலுக்குத் தெளிவாகச் சொல்வது நீண்ட, மெதுவான உழைப்பு. எவ்வளவு மெதுவாக? பக்கத்தில் ஓடுகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். வாக்கியம் பாதியில் மூச்சுக்காக நின்றால் வேகம் அதிகம். விலை உயர்ந்த கைக்கடிகாரம் இல்லாதவருக்கும் இந்தச் சோதனை போதும்.

மைசூருவில் இதற்கு ஏற்ற இடம் குக்கரஹள்ளி ஏரிக்கரை. 1864-இல் மும்மடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் உருவான ஏரி அது. இன்று மைசூரு பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தை ஒட்டி, மரநிழலில் மண் பாதையோடு கிடக்கிறது. சமதரை, நிழல், வண்டி இல்லாத வழி, சுமார் 770 மீட்டர் உயரத்துக்கே உரிய இதமான விடியல். ஒருவர் தன் முதல் நூறு மணி நேர மெதுவான ஓட்டத்தைச் சேர்த்துக்கொள்ள இதைவிட என்ன வேண்டும்?

கடினமான நாளுக்குச் சாமுண்டி மலை இருக்கிறது. அடிவாரத்திலிருந்து ஆயிரத்துச் சொச்சம் படிகள், பாதி வழிக்கு மேலே ஒரே கல்லில் செதுக்கிய நந்தி, உச்சியில் கோயில். ஊர்த் தரைக்கும் உச்சிக்கும் சுமார் 300 மீட்டர் வித்தியாசம். 70 கிலோ எடையை அந்த உயரத்துக்குத் தூக்க மட்டுமே சுமார் 200 கலோரி ஆகும், இரண்டு வாழைப்பழத்தின் சக்தி. இங்கே ஏறும்போது பேச முடியாது, பேசவும் வேண்டாம். இந்த நாள் கரியின் எல்லையை உயர்த்தவும் இதயத்தின் உச்ச வேலைத்திறனைக் கூட்டவும்தான்.

இரண்டு வகை நாளையும் எந்த விகிதத்தில் கலப்பது? நார்வேயில் பணியாற்றும் ஆய்வாளர் ஸ்டீபன் சைலர், முன்னணி நெடுந்தூர வீரர்களின் பயிற்சிக் குறிப்புகளை ஆராய்ந்து, பத்தில் எட்டுப் பங்குப் பயிற்சி மெதுவாகவும் இரண்டு பங்கு கடினமாகவும் இருப்பதைக் காட்டினார். வேலைக்குப் போகும் நம்மில் பலர் செய்வது வேறு. நேரம் குறைவு என்று ஒவ்வொரு நாளும் நடுத்தர வேகத்தில் மூச்சிரைக்க ஓடுகிறோம். அந்த வேகம் கட்டையை எரிக்கப் பழக்குவதற்கு மிக அதிகம், எல்லையை உயர்த்துவதற்குக் குறைவு, மறுநாள் சோர்வுக்கு மட்டும் போதுமானது. மெதுவாக ஓடும்போது மற்றவர்கள் கடந்துபோவார்கள். போகட்டும்.

இன்னொரு கணக்கும் உண்டு. இதயமும் ரத்தமும் சில வாரங்களில் பழகிவிடும், தசைநாண்களும் எலும்பும் பழகப் பல மாதங்கள் ஆகும். மூச்சு தாங்குகிறது என்று தூரத்தைத் திடீரென்று கூட்டுகிறவர்கள் கெண்டைக்கால் எலும்பிலும் குதிகால் நாணிலும் வலியோடு உட்காருவது இதனால்தான். தூரத்தை மெல்லக் கூட்டி, மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரு முறை குறைத்துக்கொள்வது அந்த நாண்களுக்குக் கொடுக்கும் அவகாசம்.

போட்டிக்கு முன் விறகு அடுக்குவது

விறகு இருப்பை முன்கூட்டியே கூட்ட முடியும் என்பதைக் கண்டுபிடித்த விதம் அழகானது. 1966-இல் ஸ்வீடனின் யோனஸ் பெர்க்ஸ்ட்ரோம், எரிக் ஹுல்ட்மன் என்ற இரு மருத்துவ ஆய்வாளர்கள் ஒரே உடற்பயிற்சி சைக்கிளின் இரு பக்கமும் உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு காலால் மட்டும் மிதித்தார்கள். மிதித்த காலில் கிளைகோஜன் தீர்ந்தது, மற்றக் கால் ஓய்வில் இருந்தது. பிறகு மூன்று நாள் மாவுச்சத்து நிறைந்த உணவு. ஊசியால் தசைத் துணுக்கு எடுத்துப் பார்த்தபோது, உழைத்த காலில் கிளைகோஜன் ஓய்வுக் காலைப்போல் இரு மடங்கு நிறைந்திருந்தது. இருவரும் தங்கள் உடலிலேயே செய்த இந்தச் சோதனைதான் போட்டிக்கு முன் மாவுச்சத்து நிரப்பும் வழக்கத்துக்கு அடித்தளம்.

இன்றைய நடைமுறை எளிது. போட்டிக்கு இரண்டு, மூன்று வாரம் முன்பே பயிற்சியின் அளவைக் குறைக்க வேண்டும். இதற்கு ‘டேப்பர்’ என்று பெயர். கடைசி ஒன்றரை, இரண்டு நாள், எடையில் ஒரு கிலோவுக்கு 8 முதல் 10 கிராம் மாவுச்சத்து. 60 கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 500 கிராம் என்றால் அது நிறைய. சோறு, இட்லி, தோசை, உருளைக்கிழங்கு, வாழைப்பழம், பழச்சாறு என்று நாள் முழுவதும் பகிர்ந்து சாப்பிட வேண்டும். நெய்யும் எண்ணெயும் அன்று வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும், மைசூர்பாகு போட்டி முடிந்தபிறகு. நார்ச்சத்து நிறைந்த காய்களையும் அன்று மட்டும் குறைப்பது வயிற்றுக்கு நல்லது. ஒவ்வொரு கிராம் கிளைகோஜனும் சுமார் 3 கிராம் நீரைப் பிடித்துக்கொள்வதால் எடை ஒன்று, ஒன்றரை கிலோ கூடும். அதைக் கண்டு பயந்து உணவைக் குறைக்க வேண்டாம். கூடியிருப்பது விறகும் அதற்குரிய நீரும்.

போகிற வழியில் ஊட்டுவது

கல்யாண அடுப்பில் தீ தளர்ந்த பிறகு விறகு தேடுகிற சமையல்காரர் இல்லை. பசி தெரிவதற்கு முன்பே ஊட்ட வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு மேற்பட்ட போட்டியில் மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, மூன்று மணி நேரம் தாண்டினால் பழகியவர்கள் 90 கிராம்வரை. இந்த எண்களுக்குப் பின்னால் குடலின் வாசல்கள் இருக்கின்றன. குளுக்கோஸ் நுழையும் வாசலில் மணிக்குச் சுமார் 60 கிராம்தான் போகும். பழச்சர்க்கரையான ஃப்ரக்டோஸுக்கு வேறு வாசல் உண்டு. இரண்டையும் கலந்தால் இரண்டு வாசலிலும் சேர்ந்து நுழையும்.

வெல்லத்திலும் கரும்புச் சர்க்கரையிலும் இருக்கும் சுக்ரோஸ் குடலில் உடைந்து பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ் ஆகிறது. ஆகவே விலை உயர்ந்த ஜெல் பாக்கெட் கட்டாயம் இல்லை. வெல்லம் கரைத்த எலுமிச்சை நீர், வாழைப்பழம், பேரீச்சம்பழம் போதும். நஞ்சன்கூட்டு ரசபாளே வாழை கிடைக்கும் வழியில் சைக்கிள் ஓட்டுகிறவருக்கு அது இன்னும் நிறைவு. ஒரு நடுத்தர வாழைப்பழம் சுமார் 25 கிராம் மாவுச்சத்து. ஆனால் எதையும் போட்டி நாளில் முதல்முறை முயலக் கூடாது. ஓடிக்கொண்டே சாப்பிடுவதைக் குடலும் பழக வேண்டும், நீண்ட பயிற்சிகளில்தான் அந்தப் பழக்கம் வரும்.

உழைப்பவருக்கான உணவை அறிவியலாகப் பார்ப்பது இந்த ஊருக்குப் புதிது அல்ல. 1950-இல் மைசூருவில் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கியது. 1961-இல் படைவீரர்களின் உணவுக்காகவே ராணுவ உணவு ஆராய்ச்சிக்கூடம் இங்கே வந்தது. 1984-இல் ராகேஷ் சர்மா விண்வெளிக்குக் கொண்டுபோன இந்திய உணவு அந்தக் கூடத்தில் தயாரானது. கனம் குறைவாக, சக்தி நிறைவாக, எளிதில் செரிப்பதாக இருக்க வேண்டும் என்று படைவீரருக்கு அவர்கள் தேடியதைத்தான் நெடுந்தூர ஓட்டக்காரரின் சட்டைப்பையும் கேட்கிறது.

அனல் வெளியேற வழி

எரிக்கும் சக்தியில் கால்பங்குக்கும் குறைவாகவே மிதியில் போய்ச் சேரும். மீதி அனல். 65 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரத்தில் 600 கலோரி எரித்தால் 450 கலோரிக்கு மேல் வெப்பமாகிறது. வெளியேற வழியே இல்லையென்றால் உடல் வெப்பம் எட்டு டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், உயிர் தாங்காது. புகைபோக்கி இல்லாத சமையல்கட்டில் தீயைக் குறைப்பதைத் தவிர வேறு வழியில்லை என்பதுபோல், உடலும் சூடு ஏறினால் தானே வேகத்தைக் குறைக்கச் சொல்கிறது.

வழி வியர்வை. ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கலோரி வெப்பத்தை எடுத்துப்போகும். ஆவியாக வேண்டும் என்பதுதான் முக்கியம். சென்னை, தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் வியர்வை சொட்டுமே தவிர ஆவியாகாது. மைசூருவின் டிசம்பர் விடியலில் பழகிய வேகத்தை அங்கே அப்படியே வைத்துக்கொள்ள முடியாது. வெப்பத்துக்குப் பழக உடலுக்குப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் வேண்டும்.

வியர்வையோடு உப்பும் போகிறது, லிட்டருக்குச் சோடியம் மட்டும் ஒரு கிராமை ஒட்டி. பல மணி நேரப் போட்டியில் வெறும் தண்ணீரை மட்டும் அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம், வலிப்புவரை போகும். தாகத்தை ஒட்டிக் குடியுங்கள், உப்பும் சேருங்கள். ஓஆர்எஸ் கரைசலில் உப்பும் சர்க்கரையும் ஒன்றாக இருப்பதற்குக் காரணம், குளுக்கோஸ் நுழையும் வாசல் சோடியத்தையும் கூடவே இழுத்து, நீரையும் பின்தொடர வைப்பதுதான். உப்புப் போட்ட மோரும் எலுமிச்சைச் சாறும் நம் வீடுகளில் எப்போதும் உண்டு.

கல்லட்டிக் கணக்கு

இப்போது எல்லாவற்றையும் மைசூரு–உதகைச் சாலையில் வைத்துப் பார்ப்போம். இவை தோராய எண்கள், போக்கைக் காட்டப் போதும்.

மசினகுடிவரை சுமார் 100 கிலோமீட்டர். நிதானமான சைக்கிளுக்குக் கிலோமீட்டருக்கு 20 முதல் 25 கலோரி. மொத்தம் 2,300 என்று கொள்வோம். அதன்பின் ஏற்றம். ஆளும் வண்டியும் சேர்ந்து 80 கிலோ என்றால், 1,200 மீட்டர் உயர்த்த மட்டும் 900 முதல் 1,000 கலோரி. கையில் உள்ள சுள்ளி 1,800.

அவசரக்காரர் குண்டல்பேட்டைவரை முன்னால் போகும் கூட்டத்தை விட்டுவிடக் கூடாது என்று மிதிக்கிறார். காற்றோடு மல்லுக்கட்டுவதால் செலவு 2,500 ஆகிறது. அந்த வேகத்தில் ஐந்தில் நான்கு பங்கு சுள்ளி, அதாவது 2,000 கலோரி. வழியில் சாப்பிட்டது இரண்டு வாழைப்பழம், 200 கலோரி. மசினகுடியில் அவர் இருப்பு பூஜ்யம். 36 வளைவுகளும் அவருக்கு முன்னால்தான் இருக்கின்றன.

நிதானக்காரர் பேசிக்கொண்டே போகும் வேகத்தில் வருகிறார். பாதிச் செலவைக் கட்டை ஏற்கிறது, சுள்ளியின் பங்கு 1,150. நாலரை மணி நேரத்தில் மணிக்கு 50 கிராம் என்று சாப்பிட்டது 900 கலோரி. கையிருப்பிலிருந்து போனது 250 மட்டும். கல்லட்டியின் அடியில் அவரிடம் 1,550 கலோரிச் சுள்ளி இருக்கிறது. ஏற்றம் முழுவதையும் சுள்ளியாலேயே ஏறினாலும் மிச்சம் இருக்கும். கால் வலு இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம், விறகைச் செலவிட்ட விதம்தான் வேறு.

மேலே போகப்போகக் காற்றும் மெலிகிறது. 2,240 மீட்டர் உயரத்து உதகையில் காற்றழுத்தம் கடல்மட்டத்தின் முக்கால் பங்கைச் சற்றே தாண்டும். அடுப்பு அதே அளவு, ஊதுகுழலில் காற்று குறைவு. மேல் வளைவுகளில் வேகம் குறைவது இயல்பு, அதை எதிர்த்துப் போராடாமல் சிறிய கியரில் மூச்சுக்கு ஏற்ப மிதிப்பதே சரி. பந்திப்பூர்ச் சாலையில் இரவு 9 முதல் காலை 6 மணிவரை வாகனங்களுக்குத் தடை இருப்பதால், விடிந்த பிறகே காடு திறக்கும் என்பதும் இந்தக் கணக்கில் சேரும். ஏற்றம் வெயில் நேரத்தில்தான் வந்து வாய்க்கும், தண்ணீரும் உப்பும் அதற்கேற்ப வேண்டும்.

அடுப்பைப் பட்டினி போடாதீர்கள்

எடை குறைக்க ஓடத் தொடங்கி, பிறகு போட்டியில் மனம் வைத்தவர்கள் நிறையப் பேர். அவர்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. விறகைக் குறைத்துக்கொண்டே அடுப்பைப் பெருக்க முடியாது. கடும் பயிற்சியோடு உணவையும் வெட்டினால் உடல் முதலில் எலும்பு, ஹார்மோன், நோய் எதிர்ப்புச் சக்தி ஆகியவற்றில் கைவைக்கும். பெண்களுக்கு மாதவிடாய் நின்றுபோவது பயிற்சி பலனளிப்பதன் அடையாளம் அல்ல, சக்தி போதவில்லை என்ற எச்சரிக்கை. இரும்புச்சத்துக் குறைவு நம் நாட்டில் பரவலாக இருப்பதால், காரணமில்லாத சோர்வு என்றால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். புரதம் எடையில் ஒரு கிலோவுக்குத் தினமும் 1.2 முதல் 1.6 கிராம் தேவை. சைவ உணவுக்காரர்கள் பருப்பு, கடலை, தயிர், பால் என்று ஒவ்வொரு வேளையிலும் எண்ணிச் சேர்த்தால்தான் அந்த அளவு வரும்.

நாற்பதை நெருங்குபவர்கள், சர்க்கரை நோயோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள், குடும்பத்தில் இதய நோய் இருப்பவர்கள் தொடங்கும் முன்பே மருத்துவரைப் பார்க்க வேண்டும். மார்பில் அழுத்தம், வழக்கத்துக்கு மாறான மூச்சுத் திணறல், கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும். காய்ச்சலோடு ஓடக் கூடாது. போட்டி நடுவில் வலி மாத்திரை போடுவது, நீர் வற்றிய நேரத்தில் சிறுநீரகத்துக்கு ஆபத்து. பதக்கம் அடுத்த ஆண்டும் கிடைக்கும்.

எங்கே தொடங்குவது

அடுத்த டிசம்பரில் கல்லட்டி ஏறவோ, முதல் மாரத்தான் ஓடவோ நினைப்பவருக்கு முதல் மூன்று மாதம் செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். வாரத்தில் நான்கு நாள், பேச முடிகிற வேகத்தில், முப்பது முதல் ஐம்பது நிமிடம். ஞாயிற்றுக்கிழமை அதில் ஒன்றைச் சற்று நீட்டலாம். மூச்சு வாங்கினால் நடக்கலாம், நடப்பதும் அடுப்பு கட்டும் வேலைதான். அந்த மூன்று மாதம் முடிந்த பிறகு வாரத்துக்கு ஒரு நாள் சாமுண்டிப் படி. ஆறாவது மாதம் முதல் நீண்ட நாளில் மணிக்கணக்குப் பார்த்துச் சாப்பிடப் பழகலாம்.

பிறவித் திறமை முதல் வரிசையில் யார் நிற்பார் என்பதை வேண்டுமானால் முடிவு செய்யும். முடிவுக் கோட்டைக் கடக்க அது தேவையில்லை. இரண்டு குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு அலுவலகம் போகிற ஒருவரின் தசையிலும், தொடர்ந்து உத்தரவு போட்டால் அடுப்பு பெருகும். அவசரப்பட்டால் பெருகாது என்பது மட்டுமே உடல் வைக்கும் நிபந்தனை. வேலையும் வீடும் உள்ள மனிதர் அந்த நிபந்தனையை நிறைவேற்ற ஒரு மணி நேர விடியலும், மற்றவர்கள் கடந்துபோகும்போது தன் வேகத்திலேயே போகும் மனமும் போதும்.